தலைகீழாக நட்ட ஒன்பதாங்கல்

நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் ஊருக்குப் பிரிகிற பாதை முகப்பில் நிற்கிற சுமைதாங்கி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தையது, யாரோ ஒரு புண்ணியவான் வழிப்போக்கர்களுக்காக வைத்தது, காலடியில் பழங்காலக் கல்வெட்டு இருக்கிறது என்று கீழே எழுதியிருந்தது. கல்வெட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு. இருபது பேர் கும்பிடு போட்டிருந்தீர்கள். ஒருவர் கண்ணீர் வடித்திருந்தார்.

ஆயிரம் வருஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தப் புண்ணியவான் என் அப்பா. சுமைதாங்கியின் இடதுகால் அரசாங்கத்து மைல்கல். திருடி நட்டது. கல்வெட்டு என்று நீங்கள் கும்பிட்டது தமிழ் எண் ஒன்பதில் பாதி. கல் தலைகீழாக நிற்பதால் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. நம்மில் பாதிப் பேர் அந்தக் கல்லின் மேல் ஏறிக் குதித்தவர்கள். அறுபத்தைந்து வயதில் மறதி வருவது இயல்புதான். எனக்கு மட்டும் இந்த விஷயத்தில் மறதி வரவில்லை.

அப்போது நமக்குப் பத்து வயது. கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்கு வருகிற ரோட்டில் மைலுக்கு ஒரு கல் நின்றது. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல். அடிவாரத்தில் வெட்டி மாட்டுவண்டியிலும் ஆள் தோளிலும் மேலே கொண்டுவந்தது என்பார்கள். நமக்கு வாய்த்தது ஒன்பதாவது கல். தலை மொழுமொழுவென்று வளைந்திருக்கும். அதற்குக் கீழே 9 என்று வெட்டிய இங்கிலீஷ் எண். அதற்கும் கீழே ௯ என்று தமிழ் எண். அந்தத் தமிழ் எண்ணை நாம் யாரும் பாடத்தில் படிக்கவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிற நாய் என்று சொல்லிக்கொள்வோம். வெயில் அடித்த நாளில் கல்லின் தலை சூடாக இருக்கும். மற்ற நாளெல்லாம் பாசி படிந்து வழுக்கும். பஸ் வருகிறதா என்று அதன் மேல் நின்று பார்ப்போம். நாளைக்கு ஒரு பஸ். அது வராத நாள்தான் அதிகம்.

கல்லைப் பார்த்துக்கொண்டவர் ரோட்டுக்காரர். ஏழாங்கல்லிலிருந்து பதினோராங்கல் வரை ரோடு அவர் பொறுப்பு. மண் சரிந்தால் அள்ளுவார், ஓடையில் சருகு அடைத்தால் எடுத்துவிடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை கற்களுக்கெல்லாம் வெள்ளை அடித்து, குச்சி நுனியில் பழந்துணி சுற்றித் தாரில் தோய்த்து எண்களின் மேல் ஓட்டுவார். அவருக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்துக் கன்னிவாடி. கீழ்நாட்டுக்காரர் என்பதால் நம் ஊரில் யாரும் அவரை வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. கல்லுக்கு எதிரே ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை. பாதியில் மண்வெட்டியும் தார் டின்னும், மீதிப் பாதியில் அவரும் மனைவியும் மகளும்.

அந்த மகளை உங்களுக்கு நினைவிருக்கும். நாலாம் வகுப்பில் கடைசி வரிசை. பச்சை ரிப்பன். தார் நாறுகிறது என்று நீங்கள் யாரும் அவள் பக்கத்தில் உட்காரமாட்டீர்கள். நானும்தான், பள்ளிக்கூடத்தில். சாயங்காலம் யாரும் பார்க்காதபோது அந்தக் கொட்டகைக்குப் போய் அவளோடு தார் டின் மூடிகளில் மண்சோறு ஆக்குவேன். அவள் எனக்கு ஒரு மூடி கொடுத்தாள். விளிம்பில் உறைந்த தார் பூப்போல மடிந்திருக்கும். அதை ரொம்ப நாள் வைத்திருந்தேன். எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

அந்த வருஷம் ஆவணியில் பூண்டு எடுப்பு. ஊரே பூண்டு நாறும், கம்பளிகூட. என் அத்தை, அப்பாவின் தங்கை, முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து ஊரான கூக்காலில் கட்டிக்கொடுத்திருந்தோம். இருபது வயசு இருக்கும். வாய் ஓயாமல் பேசுவாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் நடந்துகொண்டே, "ஏ புள்ள, இவன் பொறந்ததும் ஒன் முதுகுலதான் ஏத்திவிடப் போறேன், இப்பவே நல்லாச் சாப்பிடு" என்பாள்.

ஒரு நாள் விடியும்போது அவளுக்கு வலி கண்டது. ஊர் மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றாள். நல்ல வேளையாக அன்று லாரி வந்திருந்தது. எங்கள் பூண்டை ஏற்றத்தான் வந்திருந்தது. கம்பளியில் தூளி கட்டி அத்தையை ஒன்பதாங்கல்லுக்குத் தூக்கிப் போனார்கள். நானும் அம்மாவும் பின்னால் போனோம்.

லாரியில் பாதி மூட்டை ஏறியிருந்தது. மீதி ரோட்டில் கிடந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டிரைவர் இறங்கி வந்து அத்தையைப் பார்த்தார். ஏற்றினது போதும், கிளம்பலாம் என்றார். அப்பா வானத்தைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

"மொதப் புள்ள. அவ்வளவு வெரசா வந்துராது. ஏத்திட்டே போயிருவோம்."

அப்பா சொன்னது இவ்வளவுதான். அம்மா ஏதோ சொன்னாள். வாயை மூடச் சொன்னார். அத்தையை மைல்கல்லில் சாய்த்து உட்காரவைத்தார்கள். மூட்டை ஏற்ற ரெண்டு மணி நேரம் ஆனது. ரோட்டுக்காரர் மனைவி கொட்டகையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் அப்போது வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. அத்தை முதலில் கத்தினாள். பிறகு கல்லை இரண்டு கையாலும் பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டு முனகினாள். பிறகு முனகவில்லை. லாரியில் தூக்கி வைக்கப் போனபோது தலை தொங்கிவிட்டது.

என் அப்பா கெட்டவர் இல்லை என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கலாம். பூண்டு நனைந்தால் அழுகும், அந்த வருஷம் எங்களுக்கு வேறு வரும்படி இல்லை, முதல் பிரசவம் இழுக்கும் என்பதும் எல்லோரும் சொல்வதுதான். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு இதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அப்படியும் அந்த ரெண்டு மணி நேரத்தை என்னால் கணக்கிலிருந்து கழிக்க முடியவில்லை.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி வைக்கவேண்டும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியாது, அதனால் எழுதுகிறேன். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல்லைக் குறுக்கே வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் அதில் சுமையை இறக்கி ஆறலாம். ஒவ்வொருவர் இறக்கும்போதும் செத்தவள் வயிற்றுச் சுமை கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை. முப்பதாம் நாளுக்குள் நட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இன்னொன்றும் உண்டு. நட்டதைப் பிடுங்கக்கூடாது. பிடுங்குகிறவன் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் இறந்தவளின் சுமை அவள் வயிற்றுக்குப் போய்விடும்.

எங்களுக்குப் பலகைக்கல் கிடைத்தது. ஒரு காலுக்கு மாட்டுக்கொட்டத்து நிலைக்கல்லைப் பெயர்த்தார்கள். இன்னொரு காலுக்குக் கல் இல்லை. கீழேயிருந்து வெட்டிக் கொண்டுவர வேண்டும். மழையில் கொடைக்கானலுக்குக் கீழே ரோடு இரண்டு இடத்தில் சரிந்து லாரி வரவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது.

மைல் போய் கிலோமீட்டர் வந்த சமயம் அது. கொடைக்கானலிலிருந்து புதுசாகச் சிமென்ட் கற்களைக் கொண்டுவந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். மைல் இனிமேல் செல்லாது என்று டீக்கடையில் பேச்சு. செல்லாத மைலுக்குக் கல் எதற்கு, பள்ளத்தில் உருட்டிவிடுவார்கள் என்று அப்பா நினைத்தார். நம் ஊர் ஆள் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய கணக்கு இது. அளவு செத்துப்போனால் கல்லும் செத்துப்போகும், செத்த கல்லுக்குச் சொந்தக்காரன் கிடையாது. அத்தை பிடித்துக்கொண்டு செத்த கல் என்பதால் அப்பா அதைத் தேர்ந்தெடுத்தார் என்று அம்மா கடைசிக் காலத்தில் சொன்னாள். நான் அப்படி நினைக்கவில்லை. வெட்டின கல் சும்மா நின்றது, எடுத்தார்.

ஒரு மத்தியானம். எதிரே நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. ரோட்டுக்காரர் புதுக் கற்களை ஏற்றிவர டிப்போவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி கொட்டகைக் கதவைச் சாத்தியிருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் கடப்பாரையோடு வந்தார்கள். என்னை வளைவில் நிற்க வைத்தார்கள். யாராவது வந்தால் மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி குரல் கொடுக்கவேண்டும். யாரும் வரவில்லை. கல் மண்ணை விட்டு வந்தபோது ஈரமாக ஒரு சத்தம் கேட்டது. உருட்டுக்கட்டைகளின் மேல் தள்ளிக்கொண்டு பாதை முகப்புக்குப் போனார்கள். நூறு அடி தூரம்கூட இல்லை. குழியை மூடி ஒரு செடியைப் பிடுங்கி நட்டார்கள்.

கல்லின் தலை வளைவாக இருந்ததால் பலகைக்கல் அதன் மேல் உட்காரவில்லை. அதனால் தலைகீழாகத் திருப்பி நட்டார்கள். செதுக்காத அடிப்பக்கம் மேலே வந்தது. தலையும் இங்கிலீஷ் 9-உம் மண்ணுக்குள் போயின. தமிழ் எண் மட்டும் மண்ணுக்கு ஒரு சாண் மேலே, கவிழ்ந்து, உள்பக்கம் பார்த்து நின்றது. அப்பா அதன் மேல் மஞ்சளை அப்பினார்.

"ஏ புள்ள, யாராச்சும் கேட்டா நம்ம கொல்லையில கெடந்த கல்லுன்னு சொல்லணும். என்ன?"

சரி என்றேன்.

பத்து நாள் கழித்து ஓவர்சியர் வந்தார். பழைய கற்களையெல்லாம் பிடுங்கி டிப்போவில் ஒப்படைக்க உத்தரவு. எட்டு வந்தது, பத்து வந்தது. ஒன்பதைக் காணோம். ரோட்டுக்காரர் குழி இருந்த இடத்தைக் காட்டினார். செடி வாடியிருந்தது. ஓவர்சியர் டீக்கடை முன்னால் எல்லோரும் பார்க்க நின்றுகொண்டு பேசினார்.

"யோவ், ஆடு காணாமப் போகும், மாடு காணாமப் போகும். மைல் எப்படிய்யா காணாமப் போகும்?"

ஜனம் சிரித்தது. ரோட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு அவரும் சிரிக்கப் பார்த்தார். ஓவர்சியர் சிரிக்கவில்லை. அமாவாசைக்குள் கல் வரவேண்டும், வரவில்லையென்றால் வேலையும் கிடையாது, கொட்டகையும் கிடையாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஊரில் அன்றைக்கே கதை கட்டினார்கள். கொடைக்கானல் பங்களாக்காரர்கள் தோட்டத்தில் அலங்காரமாக வைக்கப் பழைய கல் வாங்குகிறார்கள், ரோட்டுக்காரர் விற்றுவிட்டார் என்றார்கள். டீக்கடைக்காரர் இதில் கெட்டிக்காரர்.

"பங்களாக்காரனுக்குப் படுக்கையிலேருந்து வாசலுக்கு வர ஒம்பது மைலாம். அதான் நம்மாளு கல்லக் கொண்டுபோயி நட்டுட்டு வந்துட்டாரு."

அப்பாவும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து வந்தார். நூறு அடியில் புதுசாக ஒரு கருங்கல் முளைத்திருப்பதை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை என்று அன்று நான் நம்பினேன். இப்போது நம்பவில்லை. பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். பூண்டு விளைவிக்கிறவன் நம்ம ஆள், ரோட்டுக்காரன் கீழ்நாட்டு ஆள். பேசாமல் இருக்க அது போதும். உங்கள் அப்பாக்களும் அந்த டீக்கடையில் இருந்தார்கள்.

ரோட்டுக்காரர் தேடினார். நாலு மைல் ரோட்டிலும் பள்ளத்தில் இறங்கிப் புதரை வெட்டிப் பார்த்தார். காலெல்லாம் முள் கிழித்து வந்தார். மகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, அவளும் கூடத் தேடினாள். அதற்குள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கல்லுத்திருடி என்று பெயர் வைத்தாயிற்று. வைத்தவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். அவருக்கே தெரியும்.

அத்தையின் நாற்பதாம் நாள் வந்தது. சுமைதாங்கிக்கு வெள்ளை அடிக்கவேண்டும் என்றாள் அம்மா. வீட்டில் சுண்ணாம்பு இல்லை. ரோட்டுக்காரர் கொட்டகையில் இருக்கும், ஒரு சட்டி வாங்கிட்டு வா என்று என்னை அனுப்பினாள். அம்மாவுக்கு அப்போது எதுவும் தெரியாது. தெரிந்த நான் சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

ரோட்டுக்காரர் சட்டியை வாங்கவில்லை. "வெந்நி குடுத்த கையி என் வீட்டுக்காரி கையி. அந்தத் தாயிக்கு நானே அடிச்சுத் தாரேன்" என்று வாளியையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். பலகைக்கல்லை அடித்தார். வலதுகால் கல்லை அடித்தார். இடதுகால் கல்லின் வெளிப்பக்கம் அடித்தார். உள்பக்கம் அடிக்கக் குனிந்தவர் அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் இந்தப் பக்கம் நின்றேன். அவர் முதுகுதான் தெரிந்தது. காய்ந்த மஞ்சளை நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. வருஷாவருஷம் அந்த எண்ணின் மேல் தார் ஓட்டிய கை அது. கல் எப்படித் திரும்பி நின்றால் என்ன? ஆனால் எனக்குப் பத்து வயது. தலைகீழாக இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர், கண்டுபிடிக்கமாட்டார் என்று நினைத்தேன். கண்டுபிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

திரும்பாமலே கேட்டார்.

"பாப்பா, இந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சு?"

"எங்க கொல்லையில கெடந்துச்சு."

"நட்டப்ப நீ பாத்தியா?"

"பாக்கல."

அவர் எழுந்து ரோட்டோரத்துக்குப் போய் இரண்டு கை மணல் அள்ளி வந்தார். சுண்ணாம்பில் போட்டு விரலால் பிசைந்தார். மறுபடி முட்டிபோட்டு உட்கார்ந்து, கல்லின் அடியில் எதையோ அப்பி அப்பிக் கட்டைவிரலால் தேய்த்தார். கல்லில் விரிசல் இருக்கிறது, அடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் மேல் வெள்ளை அடித்தார். இரண்டு தடவை அடித்தார். வாளியைக் கழுவின தண்ணீரைப் போகிற வழியில் பழைய குழி மேல் வாடி நின்ற செடிக்கு ஊற்றிவிட்டுப் போனார்.

அமாவாசை வந்தது. கல் வரவில்லை. அவருக்கு வேலை போயிற்று.

அவர்கள் கிளம்பிய அன்று பஸ்ஸும் வரவில்லை. நடந்தே போனார்கள். ரோட்டுக்காரர் தலையில் பெட்டி, மனைவி தலையில் துணி மூட்டை, மகள் இடுப்பில் பாத்திரம். மனைவிக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. சுமைதாங்கியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். எங்கள் அத்தைக்கு அதில் முதல் சுமையை இறக்கியது அவள்தான் என்று நினைக்கிறேன்.

அப்பா வீட்டிலிருந்து இரண்டு கட்டுப் பூண்டோடு வந்தார். தாளோடு சடை பின்னிக் கட்டியது, அந்த எடுப்பில் பெரிய பல். நானும் கூட இருந்தேன். வழிக்கு வச்சுக்கப்பா, பிள்ளைத்தாச்சிக்கு ஆகும் என்று நீட்டினார். ரோட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் மனைவியின் மூட்டையைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டு, மூட்டை இருந்த இடத்தில் பூண்டுக்கட்டுகளை வைத்தார். நடந்தார்கள். மகள் மட்டும் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள்.

"திமிரு புடிச்ச பய. கையில குடுத்தத வச்சிட்டுப் போறான் பாரு" என்றார் அப்பா. பூண்டை எடுக்கவும் இல்லை. அது அங்கேயே மழையில் நனைந்து முளைவிட்டு அழுகியது. ரொம்ப நாள் அந்தப் பாதையில் அந்த நாற்றம் இருந்தது.

அவ்வளவுதான் அந்தப் பருவம். பள்ளிக்கூடம் முடிந்து, கல்யாணமாகி, நான் திண்டுக்கல்லுக்குப் போனேன். அப்பா செத்தார். சித்தப்பா செத்தார். அப்புறம் பிறந்த என் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டான். பூண்டில் ஒன்றும் நிற்கவில்லை என்று இப்போது ஹோம்ஸ்டே நடத்துகிறான். வாடிக்கையாளர்கள் போட்டோ எடுக்கப் பழைய பொருள் ஏதாவது வேண்டும் என்று சுமைதாங்கியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். கார் கழுவுகிற மெஷின். மேலே இருந்த சுண்ணாம்பெல்லாம் உரிந்தது. உள்பக்கம், மண்ணுக்குச் சற்று மேலே, ஒரு வளைகோட்டின் பாதி தெரிந்தது. மீதிப் பாதி வரவில்லை. குழைத்து அப்பிய காரை கல்லோடு கல்லாக இறுகியிருந்தது. கல்வெட்டு என்று அவன்தான் போர்டு எழுதினான். படமும் அவன் எடுத்ததுதான். எனக்கும் அனுப்பினான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. வெள்ளை அடித்தது வேறு, இது வேறு. எண்ணின் பள்ளத்துக்குள் மட்டும் காரையைத் திணித்துக் கட்டைவிரலால் வழித்திருக்கிறது. விரல் ரேகைகூடப் படிந்திருக்கிறது. தேடிக்கொண்டிருந்த கல்லைக் கண்டுபிடித்த ஆள் ஓவர்சியரைக் கூப்பிடவில்லை. அடைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு இந்தச் சோலி? கல்வெட்டுன்னா நாலு பேரு வாராங்க. களவுன்னா எவன் வருவான்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

கன்னிவாடிக்குப் போனேன். ரோட்டு வேலை பார்த்த ஆள், மேல்மலையிலிருந்து வந்தவர் என்று விசாரித்தேன். அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகள் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தாள். என் வயது. நரைத்த தலை. தராசில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாங்கல் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள். கொட்டகைக்கு எதிர்ப்பாதை வீடு, தார் டின் மூடி என்றேன். அடையாளம் தெரிந்துவிட்டது. உட்காரச் சொல்லி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள்.

வந்தவர்களுக்குக் காய் நிறுத்துக்கொண்டே பேசினாள். ஊருக்கு வந்த பிறகு அவள் அப்பாவுக்கு அரசாங்க வேலை கிடைக்கவில்லை. திருட்டுப் பேர். கல் உடைக்கப் போனார், தோட்டத்து வேலைக்குப் போனார். அம்மாவுக்குச் சுகப்பிரசவம். தம்பி பிறந்தான், திருப்பூரில் இருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கல்லை எடுத்தது எங்கள் அப்பா. வளைவில் காவல் நின்றது நான். அவள் அப்பா கேட்டபோது பார்க்கவில்லை என்று சொன்னதும் நான். அவள் எடைக்கல்லை மாற்றினாள்.

"அப்பாவுக்குத் தெரியும். அன்னைக்கே வந்து அம்மாட்டச் சொல்லிட்டாரு. கல்லு கெடச்சிருச்சு, ஆனா எடுக்கமாட்டேன்னாரு. வயித்துப்புள்ளக்காரிய வீட்டுல வச்சிக்கிட்டு அதுல எப்படிக் கை வைக்கன்னாரு. எடம் தெரிஞ்சா ஓவர்சியர் ஆளு விட்டுப் புடுங்குவான், காட்டிக் குடுத்தாலும் புடுங்கினதாத்தான் ஆகும்னாரு. அதான் மூடிட்டாரு. அம்மா தலையிலடிச்சிக்கிட்டு அழுதுச்சு."

"எங்க மேல கோவம் இல்லியா அவருக்கு?"

"இல்லாமயா? சாகுற வரைக்கும் பூண்டு வாங்க விட்டதில்ல வீட்டுல."

உளி வைத்துக் காரையைப் பெயர்த்து எண்ணை முழுசாக வெளியே எடுக்கப் போகிறேன், பக்கத்தில் உண்மையை எழுதி வைக்கப் போகிறேன் என்றேன். தம்பி என்ன சொன்னாலும் சரி என்றேன். அவள் முதல் தடவையாகக் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"சொரண்டாத. எங்கப்பா மூடுனது அப்படியே இருக்கட்டும். ஒங்க வீட்டுக் கல்லுல எங்க கை பட்ட எடம் அது ஒண்ணுதான்."

கிளம்பும்போது ஒரு கிலோ தக்காளி கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். காசு கொடு, வாங்கிக்கோ என்றாள். கொடுத்தேன்.

கல்லில் நான் கை வைக்கவில்லை. காரை அப்படியே இருக்கிறது. இனிமேல் படம் எடுக்கிறவர்கள் பாதி எழுத்தை விட்டுவிட்டு, அடைபட்ட மீதிப் பாதியை எடுங்கள். கட்டைவிரல் ரேகை தெரியும்.

சுரண்டாதே என்றுதான் அவள் சொன்னாள். எழுதாதே என்று சொல்லவில்லை.